கலர் கம்மி: நிறப் பாகுபாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நிறத்தைப் பற்றிப் பேசாத வீடு அபூர்வம். நிறம் பார்த்துத்தான் நடந்துகொள்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் வீடு அதைவிட அபூர்வம். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள், கல்யாண வயதில் இருப்பவர்கள், க்ரீம் போட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

நிறப் பாகுபாடும் இனவெறியும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை மட்டமாக நினைப்பது இனவெறி. நிறப் பாகுபாடு ஒரே கூட்டத்துக்குள்ளே நடக்கும். ஒரே தெருவுக்குள், பல நேரம் ஒரே வீட்டுக்குள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபித் தட்டோடு வந்த தங்கையைக் கேட்டுவிட்டுப் போன கதை நம் ஊரில் எத்தனை! சாதி, குலம், கோத்திரம், படிப்பு, வீடு வாசல் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மாறியது நிறம் மட்டும். பெண் பார்க்க வரும் நாளில் தங்கையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் சும்மா வரவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் நிறம் பார்ப்பதில்லை. பிறகு எங்கே இருக்கிறது இந்தப் பாகுபாடு?

பிரசவ வார்டில் ஆரம்பிக்கலாம். குழந்தையைப் பார்க்க வரும் பாட்டியோ அத்தையோ அதன் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார். சிலர் நகக்கண் ஓரத்தைப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தையின் தோல் முதலில் வெளிறித்தான் இருக்கும், சொந்த நிறம் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும், ஆனால் காது நுனி அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. "காது கறுப்பா இருக்கு, அப்பன் கலர்தான் வரும்" என்று தீர்ப்பு வந்துவிடும். குழந்தை அப்போது கண்ணைக்கூடச் சரியாகத் திறந்திருக்காது.

அப்புறம் வரிசையாக வரும். குளிப்பாட்டும்போது பயத்தம் மாவு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள். கொஞ்சம் வளர்ந்ததும் "வெயில்ல ஆடாத, கறுத்துப்போயிடுவ." துணிக்கடையில் கண்ணாடி முன்னால் நிறுத்தி, துணியைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மஞ்சள் உனக்கு எடுக்காதுடி, தங்கச்சிக்கு எடுத்துக்கலாம்." காலேஜ் போகும் வயதில் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் திட்டு கிடையாது. எல்லாம் பாசத்தில் வருகிறவை. அதனால்தான் சொல்கிறவருக்கு அது தப்பாகத் தெரிவதில்லை. கேட்கிறவருக்கும் எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை.

கர்ப்பிணி குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. அம்மா சாப்பிடும் எதுவும் குழந்தையின் நிறத்தை மாற்றாது. பாலில் ஒரு சிட்டிகை குங்குமப்பூ போட்டுக் குடித்தால் மணமாக இருக்கும், பர்ஸ் கொஞ்சம் இளைக்கும். அதோடு சரி.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் இதன் மறுபக்கம் ஆபத்தானது. "சத்து மாத்திரை போட்டா குழந்தை கறுத்துடும்" என்று ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்துவைக்கும் பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மாமியாரோ அம்மாவோ சொல்லித்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில், குழந்தையின் நிறத்துக்குப் பயந்து மாத்திரையைத் தவிர்ப்பது தாய் உயிரோடு விளையாடுவது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அவ்வளவுதான். குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் நிறத்தை எது முடிவு செய்கிறது?

மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனினை, எந்த வகை மெலனினைச் செய்கின்றன என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கடும் வெயில் அடிக்கும் ஊர்களில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மெலனின் கூடுதலாக இருப்பது ஒரு கவசம். புறஊதாக் கதிரிலிருந்து தோலையும், கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய ஃபோலேட் சத்தையும் அது காக்கிறது.

ஒரே ஒரு மரபணுவின் வேலை அல்ல இது. பல மரபணுக்கள் கூடிச் செய்வது. அவற்றில் பெரிய பங்குள்ள ஒன்று எஸ்எல்சி24ஏ5. வரிக்குதிரை மீனை வைத்து 2005-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இதில் வெளிர் நிறம் தரும் ஒரு மாறுபாடு உண்டு. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகமும் எஸ்தோனிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாறுபாடு வடக்கு, தெற்கு என்று இந்தியா முழுக்க வெவ்வேறு அளவில் பரவிக்கிடப்பது தெரிந்தது. தாயிடமிருந்து எது வரும், தகப்பனிடமிருந்து எது வரும் என்பது ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாகக் குலுக்கிப்போடும் சீட்டு. அண்ணன் மாநிறம், தம்பி கறுப்பு, கடைக்குட்டி சிவப்பு என்று ஒரு வீட்டில் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. "இவ யார மாதிரி?" என்று கண்ணடித்துக் கேட்கும் உறவினருக்கும் இதுவே பதில்.

வெள்ளைக்காரன் வந்துதானே இந்தப் புத்தி வந்தது?

பாதி உண்மை. சங்கப் பாடல்களில் தலைவியின் மாந்தளிர் போன்ற மாமை நிறம்தான் அழகு. காதலனைப் பிரிந்த ஏக்கத்தில் அது வெளிறிப் பசலை படர்ந்தால் அது நோய். குறுந்தொகை 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் ஆகாமல் பசலைக்கு இரையாகிறதே என்றுதான் புலம்புகிறாள்.

இதைவிடச் சுவையான சாட்சி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, இங்கே யார் அதிகக் கறுப்போ அவருக்குத்தான் அதிக மதிப்பு என்று எழுதியிருக்கிறார். குழந்தை இன்னும் கறுக்கட்டும் என்று வாராவாரம் நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள், தெய்வத்தைக் கறுப்பாகவும் பிசாசை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள் என்கிறார். பயணி எழுதுவதில் மிகை இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும், இன்றைய கடலை மாவுக் குளியலுக்கு நேர் எதிரான ஒரு ஊர் அங்கே தெரிகிறது.

இதற்கு நடுவில் என்ன ஆனது? வெயிலில் நிற்பவன் கூலி, நிழலில் இருப்பவன் முதலாளி என்ற பழைய கணக்கு ஒரு பக்கம். பிற தேசங்களிலிருந்து வந்து ஆண்டவர்களின் வெளிர்ந்த முகம் அதிகாரத்தின் முகமானது இன்னொரு பக்கம். ஆங்கிலேயர் இதை எழுத்திலும் சுவரிலும் ஏற்றினார்கள். சென்னைக் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். அந்தக் கறுப்பர் நகரம்தான் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911-இல் ஜார்ஜ் டவுன் ஆனது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, ஆட்களின் மூக்கை அளந்து சாதிகளை இனமாகப் பிரித்து அடுக்கப் பார்த்தவர். ஏற்கனவே இருந்த மேல் கீழுக்கு அறிவியல் என்ற முத்திரை அப்படித்தான் குத்தப்பட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுவது நமக்குச் சௌகரியம். அவர்கள் கப்பலேறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. காது மடலைத் திருப்பிப் பார்ப்பது நம் கைதான்.

சாதிக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டா?

தோலில் இருக்கிறதோ இல்லையோ, மனதில் உண்டு. மேல்சாதிக்காரன் கறுப்பாக இருந்தாலும் ஒடுக்கப்பட்டவன் வெளுப்பாக இருந்தாலும் நம்பாதே என்ற பொருளில் ஒரு பழமொழியே இருக்கிறது. அதை அப்படியே எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்பது ஒரு கல்யாண மண்டபத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். இருந்தும் "பாத்தா அந்த ஆளுங்க மாதிரி தெரியலையே" என்று வியக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாராட்டு மாதிரி வரும் சாதி விசாரணை. கறுத்த நிறமும் ஒடுக்கப்பட்ட சாதியும் ஏழ்மையும் ஒரே பெண்ணிடம் சேரும்போது அடி எங்கிருந்து விழுகிறது என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியாது.

கல்யாணப் பேச்சில் நிறம் எவ்வளவு பெரிய விஷயம்?

பல வீடுகளில் ஜாதகத்துக்கு அடுத்தது இதுதான். சில வீடுகளில் ஜாதகத்துக்கும் முந்தியது.

பயோடேட்டாவில் "நிறம்" என்று ஒரு வரி இருக்கும். அதில் "கறுப்பு" என்று யாரும் எழுத மாட்டார்கள். கறுப்பாக இருந்தால் மாநிறம், மாநிறமாக இருந்தால் சிவப்பு, சிவப்பாக இருந்தால் "எலுமிச்சை நிறம்". எல்லோரும் ஒரு படி ஏற்றி எழுதுவதால், படிக்கிறவர்கள் ஒரு படி இறக்கிப் படிப்பார்கள். போட்டோவும் அப்படித்தான். ஸ்டுடியோவில் "கொஞ்சம் பிரைட் பண்ணிக் கொடுங்கண்ணே" என்றால் அவருக்குப் புரியும். சொல்லாவிட்டாலும் அவரே செய்துவிடுவார்.

மறுக்கும்போது நிறத்தைக் காரணமாகச் சொல்ல மாட்டார்கள். "நட்சத்திரம் சரியா வரலை" என்பார்கள், அல்லது போனே வராது. தரகர் மட்டும் பிறகு மெதுவாக உடைப்பார்: "பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. பையன் வீட்ல கொஞ்சம் கலரா எதிர்பாக்கறாங்க." பையன் கறுப்பாக இருந்தால் அதற்கும் ஒரு நியாயம் தயாராக இருக்கும்: "அவன்தான் கறுப்பு, வர்றவளாவது கலரா இருந்தாத்தானே பேரப்பிள்ளைங்க கலரா பொறக்கும்!" இப்படிச் சொல்கிற அம்மாவும் பெரும்பாலும் கறுப்புதான். ஒரு காலத்தில் இதே வார்த்தையைத் தன் மாமியாரிடம் கேட்டிருப்பார்.

கடைசியில் இது பணமாக மாறும். "கலர் கம்மி, பவுன் ஒரு பத்து சேர்த்துப் போட்டுடுங்க" என்ற பேரம் நேராக நடப்பதும் உண்டு. பெண் வீட்டாரே முந்திக்கொண்டு கூட்டிச் சொல்வதும் உண்டு. வரதட்சணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அதற்குள் நிறத்துக்கென்று ஒரு தனி விலை ஓடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முகூர்த்த நாளைப் பாருங்கள். மேக்கப் போடுகிறவர் பெண்ணின் நிறத்துக்கு இரண்டு படி மேலே ஃபவுண்டேஷன் பூசுவார். கழுத்து வரை சமாளித்துவிடுவார். தாரை வார்க்கும்போது எடுக்கும் போட்டோவில்தான் மாட்டிக்கொள்ளும்: முகம் ஒரு நிறம், மருதாணி போட்ட கை இன்னொரு நிறம். ஆல்பம் வந்ததும் அந்தக் கையையும் கம்ப்யூட்டரில் வெளுக்கச் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

ஒரு சின்ன மாற்றமும் நடந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமே நிறத்தைப் பற்றிப் பேசிய 2020 ஜூனில், இணையத்தில் கிளம்பிய எதிர்ப்பால் ஷாதி.காம் தளம் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி போய்விட்டது, போட்டோ இருக்கிறது. விரல் முன்பு போலவே தள்ளிக்கொண்டுதான் போகிறது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே?

இருக்கிறது. விலைதான் குறைவு. கறுப்பான பையனுக்கு அரசு வேலை இருந்தால் நிறம் மறந்துபோகும், கறுப்பான பெண்ணுக்கு அதே வேலை இருந்தாலும் "ஆனா கலர்..." என்று ஒரு இழுவை வரும்.

ஆனால் ஆண்கள் தப்பித்துவிடுவதில்லை. சென்னையிலிருந்து போய் இந்தியாவுக்கு ஆடிய லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காகப் பாகுபாட்டை அனுபவித்ததாகவும், அது நம் நாட்டிலேயே நடந்ததாகவும் 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு நான்கு வருடம் முன்னால், 2017 ஆகஸ்டில், தொடக்க ஆட்டக்காரர் அபினவ் முகுந்த் ஓர் அறிக்கை வெளியிட்டார். சின்ன வயதிலிருந்தே கிரிக்கெட்டுக்காகப் பயணம் செய்கிறேன், என் நிறத்தைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்கு எப்போதும் புதிராகவே இருந்தது என்று எழுதினார். வெயிலில் பயிற்சி செய்து சில படி கறுத்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை, பிடித்த வேலையைச் செய்கிறேன் என்றார். நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவருக்கே இந்த நிலைமை என்றால், பள்ளிக்கூடத்தில் "காக்கா", "கரிச்சட்டி" என்று பெயர் வாங்கும் பையனை யார் கணக்கில் எடுப்பது?

தமிழ் சினிமாவில் கறுப்பு ஹீரோக்கள் கொடிகட்டிப் பறக்கிறார்களே?

ஹீரோக்கள். அங்கேயே பதில் இருக்கிறது. ஹீரோ எங்கள் தெருப் பையன் மாதிரி கறுப்பாக இருக்கலாம். அவன் காதலிக்கும் பெண் மட்டும் மும்பையிலிருந்து வர வேண்டும். கிராமத்துப் பெண் வேடத்துக்குச் சிவப்பான நடிகையைக் கூட்டிவந்து, முகத்தில் கறுப்பு பூசி நடிக்கவைத்த கூத்தும் நடந்திருக்கிறது. கறுப்பான பெண் திரையில் வந்தால் அவளைப் பார்த்துக் காமெடியன் பயந்து ஓடுவது நெடுநாள் நகைச்சுவை. கொஞ்ச வருடமாக இது மாறுகிறது, மெதுவாக. 2 கோடி ரூபாய் தருவதாகச் சொன்ன சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்ததாக 2019-இல் சாய் பல்லவி சொன்னது பெரிய செய்தியானது. ஒரு விளம்பரத்தை மறுப்பது செய்தியாகிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

சிவப்பழகு க்ரீம்கள் பெயரை மாற்றிக்கொண்டனவே, எல்லாம் சரியாகிவிட்டதா?

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. சென்னையின் கெவின்கேர் 1998-இல் ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்பதுதான் அதன் விளம்பரம், பாட்டி வைத்தியம் ட்யூபில். 2005-இல் ஆண்களுக்கென்று இமாமியின் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம். எல்லா விளம்பரத்திலும் ஒரே கதை: கறுப்பான பெண்ணுக்கு வேலை இல்லை, வரன் இல்லை, க்ரீம் பூசினாள், எல்லாம் வந்தது. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியதால் 2003-இல் இப்படிப்பட்ட சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தைத் தொடங்கியது. 2014-இல் விளம்பரத் தர மன்றமும், கறுப்பானவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி போட்டது.

2020 ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ட்யூபில் எழுத்து மாறியது. மளிகைக் கடையில் இன்றைக்கும் "ஒரு ஃபேர் அண்ட் லவ்லி குடுங்கண்ணே" என்றுதான் கேட்கிறார்கள், அவரும் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார். "ஃபேர்" போன இடத்தில் "க்ளோ", "பிரைட்", "டான் ரிமூவல்" வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் எனக்குத் தெரிந்தவர் ஒரு க்ரீம் போட்டு நிஜமாகவே வெளுத்தாரே?

வெளுத்திருப்பார். அதில்தான் பயமே. பதினைந்து நாளில் பளிச்சென்று வெளுக்கிறது என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று உள்ளே இருக்கும்: ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம்.

ஸ்டீராய்டு க்ரீம்கள் தோல் நோய்க்கான மருந்து. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட வேண்டியவை. இதை மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறவர்கள் ஏராளம். 12 மருத்துவ மையங்களில் எடுத்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், வெயிலில் போனால் எரியும், பருக்கள் கொட்டும், முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சீட்டு கேட்கும் கடையை நீங்களே தேடிப் பாருங்கள்.

பாதரசம் இன்னும் மோசம், அது உள்ளே போகும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாதவர்கள் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் ஒழுகி வந்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, சாதாரணமாக அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே 2023-இல் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன் என்ற பெயர் இருந்தால் அது மருந்து. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். தயாரித்தவர் முகவரி, உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியல், உரிம எண் எதுவும் இல்லாத டப்பாவை, பியூட்டி பார்லர் அக்கா தந்தாலும் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தாலும், முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் ட்யூபோடு போங்கள். வெட்கப்பட்டு ட்யூபை வீட்டில் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

வெளுப்பதற்கென்று போடும் குளூட்டாதயோன் ஊசி?

தோலை வெளுக்கவென்று இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட ஊசி அல்ல. வேண்டாம்.

நிறத்தைச் சொல்லி அவமானப்படுத்தினால் சட்டம் என்ன செய்யும்?

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. தோலின் நிறம் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை.

குடும்ப வழக்குகளில் மட்டும் நிறம் நீதிமன்றம் வரை வருகிறது, அதிலும் தீர்ப்புகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. கணவனைக் கறுப்பு என்று சொல்லி மனைவி தொடர்ந்து இழிவுபடுத்தியது கொடுமைதான் என்று 2023 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கணவனுக்கு விவாகரத்து கொடுத்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், 1998-இல் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், நிறத்தையும் சமையலையும் குத்திப் பேசியது, மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு கேட்கும் அளவுக்குக் கொடுமை ஆகாது என்று கணவனை விடுவித்தது. விவாகரத்துக்கு வேண்டிய அளவுகோல் வேறு, சிறைத் தண்டனைக்கு வேண்டிய அளவுகோல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனசு கசக்கத்தான் செய்கிறது.

விளம்பரங்களுக்கு 2020 பிப்ரவரியில் ஒரு சட்டத் திருத்த வரைவு வந்தது. சிவப்பாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் தடவை 2 வருடம் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 வருடம், 50 லட்சம். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

வடக்கே நம்மைக் கறுப்பர்கள் என்று பேசினால் நமக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

நியாயம்தான். "கறுப்பான தென்னிந்தியர்களோடு நாங்கள் வாழவில்லையா" என்கிற மாதிரி 2017 ஏப்ரலில் பாஜக முன்னாள் எம்.பி. தருண் விஜய் பேசியபோது தமிழ்நாடே கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். அதே வாரம் எத்தனை வீட்டில் "கலரா ஒரு பொண்ணு பாருங்க" என்று தரகரிடம் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கறுப்பாக இருப்பவர்கள் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டால் போதாதா?

எல்லோரும் சொல்கிற யோசனை இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தப்பு முகவரிக்குப் போகிற கடிதம் இது. குத்திப் பேசுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார், குத்து வாங்குகிறவர் மட்டும் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டுமாம்.

தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லாத ஒருவரைப் பார்ப்போம். சாரதா முரளீதரன் ஐஏஎஸ் அதிகாரி, கேரளத்தின் தலைமைச் செயலராகவே இருந்தவர். அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் அவர் கணவர் வேணு. கணவர் காலம் எவ்வளவு வெளுப்போ உங்கள் காலம் அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். 2025 மார்ச்சில் அதைப் பற்றி அவர் முகநூலில் எழுதினார். நான்கு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். ஒரு மாநிலத்தின் உச்ச அதிகாரியாகி, ஓய்வு பெறப்போகும் நேரத்திலும் அந்த வார்த்தை தேடி வருகிறது. இதற்கு மேல் அவர் எவ்வளவு தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது?

குழந்தை முன்னாலேயே உறவினர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பெரியவர்களிடம் என்ன சொல்வது?

சண்டை வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். குழந்தை காதில் விழும்படி, அதே இடத்தில், ஒரு வரி. "அத்தை, அவ கலரைப் பத்தி இந்த வீட்ல பேசறதில்ல." போதும். "சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பார். "தெரியும் அத்தை, விளையாட்டுக்கும் வேண்டாம்" என்றுவிட்டுக் காபி எடுத்துவரப் போய்விடலாம். அத்தை மாற வேண்டும் என்பதுகூட இரண்டாவதுதான். அம்மாவோ அப்பாவோ தனக்காக வாய் திறந்தார்கள் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் யார் பக்கத்து உறவோ அவர்: அப்பாவின் அக்கா என்றால் அப்பா சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும்.

"நீயும் அழகுதான்மா" என்று தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்வதைக் குறையுங்கள். யாரும் கேட்காதபோது சொல்லும் ஆறுதல், ஏதோ குறை இருக்கிறது என்றுதான் குழந்தைக்குப் புரியும்.

பள்ளி ஆண்டு விழாவில் கறுப்பான பிள்ளைகளைப் பின் வரிசையில் நிறுத்துகிறார்கள். கேட்கலாமா?

கேளுங்கள். வரவேற்பு நடனத்தில் முன் வரிசை, பாரத மாதா வேடம், தேவதை வேடம், வரும் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பது எல்லாம் சிவப்பான பிள்ளைக்கு. மரம், அரக்கன், பின் வரிசை மற்றவர்களுக்கு என்பது பல பள்ளிகளில் யாரும் பேசிவைக்காமலே நடக்கிறது. டீச்சரிடம் தனியாகப் போய், "மிஸ், முன் வரிசைக்குப் பிள்ளைங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். உயரமா, நடனமா, வருகைப் பதிவா என்று அவர் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சொல்கிற காரணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் அதோடு பொருந்தவில்லை என்றால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒத்திகை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. துணி தைக்கக் கொடுத்துவிட்டால் "இனிமே மாத்த முடியாதுங்க" என்றுவிடுவார்கள்.